திருகோணமலைத் தூண்டில் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே,

போன வருஷ அறிக்கை ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து "செயலாளர் கடலுக்குத்தான் போனவர், சங்கத்துக்கு வரேல்லை" என்று ஒரு குரல் கேட்டது. குரலுக்குரியவர் இன்றும் அதே கதிரையில்தான் இருக்கிறார். இந்த முறை அறிக்கை நீளம். ஜூன் மாதம் நடந்ததை நான் சபையின் முன் சொல்லியாக வேண்டும் என்பதுதான் காரணம்.

முதலில் எண்ணிக்கைகளை முடித்துவிடுகிறேன். வருஷத் தொடக்கத்தில் 31 அங்கத்தவர்கள். ஒருவர் கொழும்புக்கு மாற்றலாகிப் போனார், எட்டுப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஆக 38. புதியவர்களில் மூன்று பேர் பெண்கள். அவர்களில் உப்புவெளி அக்கா வந்த முதல் நாளே பதினேழு கும்பளா மீன் தூக்கியதால், "பொம்பிளையளுக்குத் தனிப் போட்டி வைக்கலாம்" என்றிருந்த யோசனையை நிர்வாக சபை சத்தமில்லாமல் கைவிட்டது. சபை ஒன்பது தரம் கூடியது. இரண்டு தரம் போதிய ஆட்கள் வராமல் தேநீரோடு கலைந்தது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். பட்டியல் பொருளாளர் தம்பியின் சட்டைப்பையில் இருக்கிறது.

இனிக் கடல். வாடைக்காற்று மாசி கடைசிவரை விடவில்லை. பங்குனி நடுவில்தான் டச்சு விரிகுடாப் பக்கம் தடி போடக்கூடிய அளவுக்குத் தண்ணீர் தெளிந்தது. சித்திரைக்குப் பிறகு நமது நல்ல காலம். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நமது பக்கம் தட்டாகக் கிடக்கும். ஆனால் அந்தத் தட்டுக் கடலை நம்பித்தான் ஆடியில் இரண்டு அங்கத்தவர்கள் மாட்டுப்பட்டார்கள். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. கரையில் நின்று பார்த்தால் அலையே தெரியாது. வெளியே போனவனுக்குத்தான் அது படகை இன்னும் வெளியே தள்ளிக்கொண்டு போவது தெரியும். கோணேசர் மலைக்குக் கிழக்கே இவர்களுடைய இஞ்சின் நின்றுவிட்டது. நங்கூரம் போட்டார்கள், கயிறு முடிந்ததே தவிர அடி கிடைக்கவில்லை. கொட்டியாற்றுக்குடாவிலிருந்து கிளம்பும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு அங்கே கரைக்கு அவ்வளவு கிட்ட இருக்கிறது. மலையில் நின்றே திமிங்கிலம் பார்க்க முடிவது அந்த ஆழத்தின் புண்ணியம். இவர்களுக்கு அன்று திமிங்கிலம் பார்க்கும் மனநிலை இருக்கவில்லை. சூரைக்குப் போய்த் திரும்பிய கிண்ணியாப் படகொன்று கட்டி இழுத்து வந்தது. எண்ணெய்க் காசு கொடுக்கப் போனபோது படகுக்கார நானா, "காசு வேணாம் தம்பி, துடுப்பு ரெண்டு வாங்கி வைங்க" என்றார். வாங்கிவிட்டோம். கச்சான் மாதங்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு சங்கப் படகு கடலில் நிற்கக் கூடாது என்று தீர்மானமும் எடுத்துவிட்டோம்.

மீன்பாடு பொதுவாக நல்லது. பாரை குறைவு, சீலா பரவாயில்லை, விளைமீன் கிடைத்தவர்கள் இடத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஆனால் இந்த வருஷம் கும்பளாவின் வருஷம். இந்தியாவில் இருந்து வந்த ஒரு விருந்தினர் இதைக் கானாங்கெளுத்தி, அயிலை என்று இரண்டு பெயரில் சொல்லி நம்மைக் குழப்பினார். மீன் ஒன்றுதான். கையளவு நீளம், இருபது இருபத்தைந்து சென்ரிமீற்றர், முதுகு நீலப்பச்சை, வயிறு வெள்ளி.

புதியவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கும்பளா வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு நீந்தி, தண்ணீரோடு வரும் மிதவை உயிர்களைச் செவுளில் வடித்துத் தின்னும் மீன். செவுளைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சீப்புப் பற்கள்போல நீள நீளமாக இருக்கும், அதுதான் வடி. ஆகவே பெரிய முள்ளில் பெரிய கணவாய்த் துண்டைக் குத்திப்போட்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்துவிட்டு "மீன் இல்லை" என்று வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. மெல்லிய தங்கூசியில், அதாவது நைலோன் தூண்டில் நூலில், சாண் இடைவெளியில் ஆறு சின்ன முள், அடியில் ஈயம், ஒவ்வொரு முள்ளிலும் மினுங்கும் நார் ஒரு இழை. கடையில் கட்டிவைத்ததை வாங்கலாம், விலை கையைச் சுடும். நமது மூத்த அங்கத்தவர் பழைய கூறைச்சேலையின் சரிகையைப் பிரித்துக் கட்டுகிறார். அது யாருடைய கூறை என்பதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு நடப்பதாகக் கேள்வி. இரால் குஞ்சு, மீன் குஞ்சு என்று நினைத்துக் கும்பளா சரிகையைக் கவ்வும். கூட்டம் வந்துவிட்டால் ஒரே இழுவையில் நான்கு ஐந்து வரும். இரவில் இறங்குதுறை விளக்குக்குக் கீழே மிதவை உயிர்கள் சேரும், அவற்றைத் தேடி இவையும் வரும். பகலில் ஆலாப் பறவைகள் விழுந்து எழும்பும் இடத்தைப் பார்த்தால் போதும்.

சரி, ஜூன்.

ஜூன் இரண்டாம் ஞாயிறு குடும்ப ஒன்றுகூடல். விடிய முன்னமே போன படகு ஆறரை மணிக்கு இரண்டு வாளி கும்பளாவோடு கரை சேர்ந்தது. ஐஸ் கொண்டுவருவது என் பொறுப்பு. முதல் நாளே வாங்கி உரப்பையில் சுற்றி வைத்துவிட்டேன், என் வீட்டுத் திண்ணையில். எட்டு மணிக்கு வீட்டுக்காரி தொலைபேசியில் அழைத்து, "என்னப்பா, திண்ணையில தண்ணி ஓடுது?" என்று கேட்டபோதுதான் நினைவு வந்தது. திரும்பப் போய் எடுத்து வந்திருக்கலாம். சோம்பல். "இப்ப சமைக்கப்போறதுதானே" என்று வாளிகளை மர நிழலில் ஈரச்சாக்கு மூடி வைத்தேன். ஆனால் விறகு ஈரம், கயிறிழுத்தல் முடியவில்லை, தலைவரின் பேச்சும் முடியவில்லை. மீன் அடுப்பில் ஏறியது பதினொன்றரைக்கு.

மீனில் ஒரு பழுதும் தெரியவில்லை. கண் மினுங்கியது, மணம் இல்லை. தின்னும்போது நாக்கில் மிளகு மாதிரிச் சுரீரென்றது, அக்கா தூளைக் கூடப் போட்டுவிட்டா என்று நினைத்தோம். அரை மணித்தியாலத்தில் ஏழு பேருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலையிடி, நெஞ்சு படபடப்பு. ஒரு பெரியம்மா நாவூறு என்று சொல்லி மிளகாய் சுற்றத் தொடங்கினா. இரண்டு ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த வைத்தியர் பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "எத்தனை மணிக்குப் பிடிச்சது, எத்தனை மணிக்குச் சமைச்சது?"

அவ விளக்கியதை இங்கே பதிவு செய்கிறேன். கும்பளா, சூரை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. மீன் செத்தபிறகு செவுளிலும் குடலிலும் இருக்கும் பக்றீரியாக்கள் வெக்கையில் பெருகி அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஒவ்வாமை வரும்போது நம் உடம்பு தானே சுரக்கும் அதே ஹிஸ்டமின். அடுப்பில் வைத்தால் பக்றீரியா சாகும், ஹிஸ்டமின் சாகாது. பொரித்தாலும், அவித்தாலும், டின்னில் அடைத்தாலும், பிறகு கொண்டுபோய் ஐஸில் வைத்தாலும் உண்டானது உண்டானதுதான். மணத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. "நல்ல மீனுக்குக் கண் பார், செவுள் பார்" என்று நாம் படித்த பாடம் இந்த இடத்தில் உதவவில்லை.

ஊசியோடும் மாத்திரையோடும் பின்னேரத்துக்குள் எல்லாரும் வீடு திரும்பினார்கள். அதில் ஒரு அண்ணன் இன்னும் "எனக்குக் கும்பளா ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லித் திரிகிறார். அவருக்குக் கும்பளா ஒத்துக்கொள்ளும். என் கவனக்குறைவுதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழு பேரிடமும் வீடு வீடாகப் போய்ச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: பிழை என்னுடையது, மன்னிக்க வேண்டும்.

அதன்பின் வாங்கியவைதான் வாசலில் இருக்கும் இரண்டு நீல ஐஸ் பெட்டிகள். சங்க நிதியில் இந்த வருஷத்தின் பெரிய செலவு இதுதான். கரையில் தூண்டில் போட வெயில்குடை வாங்குவோம் என்றிருந்தவர்களுக்கு மனவருத்தம் என்று தெரியும். இப்போதைய நடைமுறை இது: நொறுக்கிய ஐஸும் கடல் தண்ணீரும் கலந்து பெட்டி முதலே தயாராக இருக்க வேண்டும். வெறும் ஐஸ்கட்டிக்கு மேல் மீனை வைப்பதைவிட இந்தக் கலவைக்குள் மீன் சீக்கிரம் குளிரும். மீன் ஒரு கிலோ என்றால் ஐஸ் ஒரு கிலோ. முள்ளிலிருந்து கழற்றியதும் நேரே உள்ளே. வாளியில் துடிக்கவிட்டுப் படம் எடுப்பது இல்லை. கரைக்கு வந்ததும் செவுளும் குடலும் எடுத்துக் கழுவி மறுபடி ஐஸ். பெட்டி தயாரில்லை என்றால் படகு இறங்காது. ஆவணியில் ஒரு நாள் ஐஸ் கிடைக்காமல் ஆறு பேர் படகைச் சுற்றி நின்று அரசியல் பேசிவிட்டு வீடு போனோம்.

வருடாந்தத் தூண்டில் போட்டியை செப்டம்பர் 21 சனிக்கிழமைக்கு வைத்திருந்தோம். அந்த நாளையே சனாதிபதித் தேர்தலுக்கும் குறித்தார்கள். நாங்கள்தான் விட்டுக்கொடுத்தோம். 28ஆம் திகதி நடத்தியதில் பாரைப் பரிசு ஒரு பதினாறு வயதுப் பொடியனுக்குப் போனது, பெரியவர்கள் காற்றைக் குறை சொன்னார்கள்.

அன்று மாலை நடந்த சமையல் போட்டியைப் பற்றி எழுதாவிட்டால் என்னை அடுத்த வருஷம் தெரிவு செய்ய மாட்டார்கள். ஒன்பது சட்டிகள், எல்லாம் கும்பளா, எல்லாம் ஐஸ் பெட்டியிலிருந்து. பழப்புளியும் முதற்பாலும் விட்ட குழம்புகள் நான்கு. அதில் மாங்காய் போட்டது ஒன்று, முருங்கைக்காய் போட்டது ஒன்று. மாங்காய்க்காரரிடம் புளி ஏன் குறைவு என்று நடுவர் கேட்க, "மாங்காய்க்கு மேல புளியா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். மூதூர் நண்பர் கொறுக்காய்ப் புளியும் மிளகும் அரைத்துப் பூசி, வாழையிலை விரித்த சட்டியில் தண்ணீர் வற்ற வற்ற வைத்தது கறுப்பாகவும் கொஞ்சம் பயமுறுத்துவதாகவும் இருந்தது. பாணோடு தின்று பார்த்தவர்கள் திரும்ப வரிசையில் நின்றார்கள்.

முதற்பரிசு உப்புவெளி அக்காவின் சுட்ட மீனுக்கு. அவ சொன்ன செய்முறை: இரண்டு பக்கமும் எலும்பு தட்டும்வரை மூன்று கீறல். உப்பு, மஞ்சள், இடித்த மிளகு, உள்ளி, தேசிக்காய்ப்புளி. கால் மணித்தியாலத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது, விட்டால் சதை குழைந்துவிடும். தணல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகுதான் மீன் ஏற வேண்டும். கம்பிவலையைச் சூடாக்கி எண்ணெய் தடவினால் தோல் ஒட்டாது. ஒரு பக்கம் தானாகக் கழன்று வரும்வரை புரட்டக் கூடாது, ஒரே ஒரு தரம்தான் புரட்டல். கும்பளாவில் எண்ணெய் இருப்பதால் அது தணலில் சொட்டி எழும்பும் புகையே பாதி உருசி. தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பல். என் தனிப்பட்ட அபிப்பிராயம் இன்னும் இடியப்பத்துக்கு மீன் சொதிதான், நடுவர் குழுவில் நான் இல்லை.

கரைவலைக்காரரோடு பங்குனியில் ஒரு பிணக்கு வந்தது. வலை வளைத்த இடத்துக்குள் நம்மவர் ஒருவர் முள்ளை வீச, அது மீன் சேரும் வலைப்பையான மடியில் கொழுவிக் கிழித்துவிட்டது. அவர்களுக்கு அது அன்றைய சோறு, நமக்குப் பொழுதுபோக்கு. மடி பொத்தச் சங்கம் பணம் கொடுத்தது. வலை தண்ணீரில் இருக்கும் நேரம் அந்தப் பக்கம் நிற்பதில்லை என்று ஒத்துக்கொண்டோம். புறாத்தீவு பற்றியும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். அது 2003இலிருந்து தேசியப் பூங்கா. "நான் பவளத்துக்கு வெளியேதான் போட்டேன்" என்ற கதையோடு யாரும் என்னிடம் வர வேண்டாம். இரண்டு தரம் வெளிக்கடலில் டைனமைட் சத்தம் கேட்டதாக அங்கத்தவர்கள் சொன்னார்கள். வயிறு வெடித்த சின்ன மீன்கள் மிதந்ததை நானும் பார்த்தேன். உரிய இடத்துக்கு எழுத்தில் கொடுத்தோம். பதில் கிடைத்ததும் அறிவிப்பேன்.

நவம்பர் கடைசியில், பின்னால் பெங்கல் புயலான தாழமுக்கம் நமது கரையை ஒட்டிப் போனபோது படகை வீதிவரை இழுத்துக் கட்டினோம். பன்னிரண்டு பேர் மழையில் நின்றார்கள், பெயர்கள் கூட்டறிக்கையில் உண்டு. டிசம்பர் 26 அன்று, சுனாமியின் இருபதாம் வருஷத்தில், யாரும் தூண்டில் எடுக்கவில்லை. காலையில் கடற்கரையில் விளக்கேற்றினோம். நம்மில் நான்கு பேரின் வீடுகளில் அந்த நாள் இன்னும் முடியவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஐஸ் பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம். ஒரு சாவி தலைவரிடம், மற்றது உப்புவெளி அக்காவிடம். என்னிடம் ஒன்று இருக்கட்டும் என்று கேட்டேன், சபை ஏகமனதாக மறுத்துவிட்டது. கடல் படிந்ததும் பங்குனியில் முதல் பயணம். வர விரும்புபவர்கள் ஐஸ் காசை முதல் நாள் பின்னேரத்துக்குள் அக்காவிடம் கொடுக்கவும்.

செயலாளர்
திருகோணமலை