மலையில் விளைவதை மலையிலேயே வாங்குங்கள்

பழங்குடியினர் நலம், வேளாண்மை – உழவர் நலம், கூட்டுறவு – உணவு ஆகிய துறைகளின் மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு,

வணக்கம். கொல்லிமலை, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி என்று நம் மாநிலத்து மலைகளில் மானாவாரியாகச் சாமையும் கேழ்வரகும் விதைக்கிற பழங்குடிக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று பேருக்கும் சேர்த்து எழுதக் காரணம் உண்டு. விதை ஒரு துறையிலிருந்து வருகிறது, இயந்திரம் இன்னொரு துறையிலிருந்து வருகிறது. விளைந்ததை வாங்குவது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை. நான் கேட்பது அந்த ஒன்றைத்தான். மலையில் விளைகிற சிறுதானியத்தை மலையிலேயே, அரசு வைக்கும் விலைக்கு வாங்குங்கள். வாங்கியதை அந்த மலைப் பிள்ளைகளின் தட்டில் முதலில் போடுங்கள்.

கொல்லிமலையில் சாமை ஏன் குறைந்தது? மரவள்ளிக்கு லாரி வந்தது, சாமைக்கு வரவில்லை. சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டியிருந்தது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று பெயர் சொல்லிப் பாதுகாத்த ரகங்களை விட்டுவிட்டுக் கிழங்குக்குப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காசு வருகிற பயிரைத்தானே யாரும் போடுவார்கள்? ஆனால் சரிவு நிலத்தில் கிழங்கு பிடுங்கும்போது மண்ணும் கிளறப்படுகிறது, அடுத்த மழையில் மேல்மண் ஓடிவிடுகிறது. ஆலை விலை இறங்குகிற வருடத்தில், பத்து மாதம் காத்திருந்த குடும்பத்துக்கு ஆள்கூலியும் வண்டி வாடகையும் போக மிஞ்சுவது சொற்பம். வீட்டுக் குதிரில் தானியமும் இருக்காது.

அப்புறம், இடிக்கிற வேலை. சாமையின் உமி எளிதில் கழலாது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, உரலில் இடித்து, முறத்தில் புடைத்து, உமி நீங்காததை மறுபடி உரலில் போட்டு இடிக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அரிசி நொறுங்கிக் குருணையாகிவிடும். இத்தனையும் காட்டு வேலை முடித்து வந்த பெண்களின் தோளில் விழுகிறது. சாமைச் சோறு உடம்புக்கு நல்லது என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த உலக்கையை ஒரு மணி நேரம் பிடித்துப் பார்க்க வேண்டும். ரேஷன் அரிசியைக் களைந்து உலையில் போட்டால் போதும் என்ற நிலை வந்தபோது, மலை வீடுகளிலும் சாமை பண்டிகைச் சோறாக ஒதுங்கியதில் வியப்பில்லை.

இதற்கு உமி நீக்கும் இயந்திரம் உண்டு. ஆனால் இயந்திரத்தை இறக்கிவைத்து, படம் எடுத்துக்கொண்டு போவதோடு திட்டம் முடிந்துவிடக் கூடாது. மும்முனை மின்சாரம் இல்லாத ஊரில் அது வெறும் இரும்பு. பெல்ட் அறுந்தால், சல்லடை கிழிந்தால், அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவர் அந்த மலையிலேயே இருக்க வேண்டும். உள்ளூர் இளைஞர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்து மாதச் சம்பளமும் கொடுங்கள். புது இயந்திரம் வாங்குவதை விட இதற்குச் செலவு குறைவு.

விலைக்கு வருகிறேன். மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களின் பட்டியலில் கேழ்வரகு, கம்பு, சோளம் இருக்கின்றன, சாமையும் தினையும் இல்லை. அதற்காக மாநிலம் கைகட்டி நிற்கத் தேவையில்லை. சத்தீஸ்கர் அரசு 2021-இல் வரகுக்கும் சாமைக்கும் தானே விலை வைத்து, குவிண்டால் 3,000 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. ஒடிசா 2017-இல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தில், பழங்குடி மாவட்டங்களின் கேழ்வரகை அரசின் பழங்குடிக் கூட்டுறவு நிறுவனம் வாங்கி ரேஷனில் கொடுத்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கேழ்வரகு லட்டு கிடைத்தது. நம்மிடமும் தொடக்கம் இருக்கிறது: 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. அது கேழ்வரகோடு நின்றதுதான் குறை. மலைகளில் லாம்ப் என்கிற, பழங்குடியினருக்கான பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சங்கத்தையும் அறுவடைக் காலக் கொள்முதல் நிலையமாக ஆக்கலாம். எடை, ஈரப்பதம், ரசீது மூன்றையும் மகளிர் குழுக்களிடம் விடுங்கள். அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வாரம் இரண்டு வேளை சாமைச் சோறோ தினைப் பொங்கலோ போட்டால், வாங்கியது கிடங்கில் தேங்காது.

கொள்முதல் வந்தாலும், வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அந்த வியாபாரியிடம்தான் மூட்டையை இறக்குவார். விதைப்புக்குக் கடன் கிடைக்காததால் வந்த கட்டு அது. வன உரிமைச் சட்டம் 2006-இன்படி கிடைக்கும் உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கும், பிள்ளைகளுக்கும் சேரும், ஆனால் அந்த நிலத்தை விற்க முடியாது. விற்க முடியாததைக் காரணம் காட்டி, அடமானத்துக்கு ஆகாது என்று வங்கியில் திருப்பி அனுப்புகிறார்கள். 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு அடமானமே கேட்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு 2025 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. மாவட்ட அளவிலான வங்கியாளர் கூட்டத்தில் ஆட்சியர்கள் இதை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். பத்திரமே கிடைக்காத குடும்பங்களின் மனுக்களுக்குக் கிராம சபை வழியாக ஒரு முடிவும் சொல்லட்டும்.

காட்டுப்பன்றியைச் சொல்லாமல் விட முடியவில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என்று 2025-இல் அரசு அறிவித்தது. காட்டை ஒட்டியே வயல் வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை. அவருக்கு வேலியும் காலத்தில் கிடைக்கும் இழப்பீடும்தான் வேண்டும்.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைக்காரர்கள். சொந்த நிலம் சோறு போட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள் என்று நான் இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கார்த்திகை, மார்கழியில் சாமை களத்துக்கு வந்துவிடும். கொள்முதல் விலையையும் நிலையங்களின் பட்டியலையும் ஐப்பசிக்குள் வெளியிட்டு, ஒவ்வொரு மலை ஊராட்சியிலும் தண்டோரா போட்டுச் சொல்ல வையுங்கள். முதல் வருடம் கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் மட்டும் தொடங்கினாலும் சரி, வியாபாரி முன்பணம் கொடுக்க வருவதற்கு முன்னால் அறிவிப்பு வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
மலை உழவர்களின் நலம் நாடும் ஒருவன்