திரைப்பட வட்டம், காரைக்குடி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதால் நான் அதற்குள் போகவில்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் மட்டும் கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

இந்த ஆண்டு வட்டத்தின் வேலை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது: விண்கப்பலில் ஒளிந்து வேட்டையாடும் ஜந்துவைப் பற்றிய 'ஏலியன்' பட வரிசையின் அடுத்த பாகத்தை யார் இயக்கலாம்? 2024-இல் வந்த 'ஏலியன்: ரோமுலஸ்' படத்தை இயக்கிய ஃபெடே ஆல்வரஸ், அடுத்த பாகத்தைத் தான் இயக்கப் போவதில்லை என்றும் முதல் படத்தை இயக்கிய ரிட்லி ஸ்காட்டோடு சேர்ந்து தயாரிப்பில் மட்டும் இருக்கப் போவதாகவும் 2025-இல் சொன்னார். அன்றிலிருந்து வட்டத்தில் ஆளுக்கொரு பெயர். வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருக்காமல் பழைய படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று செயற்குழு முடிவு செய்தது. 1979, 1986, 1992, 1997, 2024 என ஐந்து படங்கள். 2012-இன் 'ப்ரொமீதியஸ்', 2017-இன் 'கவனன்ட்' இரண்டுக்கும் நாள் அமையவில்லை. அதைக் கண்டித்து வந்த கடிதம் குறிப்பேட்டில் ஒட்டப்பட்டுள்ளது.

திரையிடல் ஏற்பாட்டைச் சற்று விரிவாக எழுதுகிறேன். அடுத்து வரும் செயலாளருக்கு உதவும்.

நம் ஊர் வீட்டில் இருட்டுப் படம் போடுவது கல்யாணம் நடத்துவதை விடச் சிரமம். வளவுக்கு, அதாவது உள் முற்றத்துக்கு, மேலே திறந்த வானம். இந்தப் படங்களிலோ முக்கால்வாசி கறுப்பு. ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, வெளிச்சம் விழாத திரைதான் கறுப்பு. நிலா வெளிச்சம் திரையில் பட்டால் கறுப்பெல்லாம் சாம்பலாகி, மூலையில் மறைந்து நிற்கும் ஜந்து இருக்கும் இடமே தெரியாது. முதல் படத்தைப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு போட்டுக் கெடுத்தோம். பிறகு எல்லாம் அமாவாசையை ஒட்டி, இரவு ஏழரைக்கு மேல்தான். அமாவாசையன்றே பேய்ப்படம் வேண்டாம் என்று வீட்டுக்கார ஆச்சி சொல்லிவிட்டதால் ஒரு நாள் முன்னே பின்னே.

வெள்ளைக்கரு கலந்து மெழுகிய சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி மாதிரி. திரையில் பட்ட வெளிச்சம் சுவருக்குப் போய்த் திரும்பத் திரைக்கே வருகிறது. திரைக்கு இரு பக்கமும் ஆறடி தூரத்துக்குக் கறுப்புத் துணி தொங்கவிட்டால் போதும். தேக்குத் தூண்களில் ஆணி கூடாது. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, உரசும் இடத்தில் பழைய வேட்டியை மடித்துக் கொடுத்துக் கட்டவும்.

ஒலிதான் பெரிய தலைவலி. ஆத்தங்குடி டைல் தரையும் மெழுகிய சுவரும் ஒலியை உறிஞ்சாது. ஒரு சொல் முடியுமுன் முந்தின சொல்லின் எதிரொலி வந்து ஒட்டிக்கொள்ளும். சத்தத்தைக் கூட்டினால் இன்னும் குழம்பும். தரையில் ஜமக்காளத்தை இரட்டையாக விரித்துப் பின்சுவரில் இரண்டு மெத்தைகளைச் சாய்த்ததும் வசனம் தெளிந்தது. சப்வூஃபரை மூலையில் வைத்தால் அடித்தொனி வீங்கி எல்லாக் காட்சியும் ஒரே உறுமலாகிவிடும். மூலையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்கவும்.

நம் ப்ரொஜெக்டரின் வீச்சு விகிதம் 1.5. திரை அகலம் 2.4 மீட்டர் என்றால் 3.6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். படம் கோணலாக விழுந்தால் கீஸ்டோன் பொத்தானைத் தொடாதீர்கள். புள்ளிகள் குறைந்து சப்டைட்டில் மங்கும். ஸ்டூலின் உயரத்தை மாற்றுங்கள். ஐந்தில் 1986-ஆம் ஆண்டுப் படம் ஒன்றுதான் 16:9 திரையைக் கிட்டத்தட்ட நிறைக்கும். மற்றவை அகலச் சட்டகம். திரையின் உயரத்தில் கால் பங்கு வெறுமனே கிடந்து மேலும் கீழும் சாம்பல் பட்டையாகத் தெரியும், அதையும் கறுப்புத் துணியால் மறைக்க வேண்டும்.

வீட்டில் பார்க்க விற்கும் வட்டைக் கூட்டம் கூட்டிப் போடுவதற்குத் தனி உரிமம் வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்துக்கு முன்கூட்டியே நாள் ஒதுக்குங்கள். 'ஏ' சான்றிதழ்ப் படத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பாதவர்களை அனுமதிக்கவில்லை. முகப்பிலேயே திருப்பி அனுப்பியதில் சிலருக்கு வருத்தம்.

இனி விவாதம்.

முதல் படத்தைப் பார்த்த எல்லோரும் ஒப்புக்கொண்டது, பயம் ஜந்துவால் வரவில்லை, கட்டடத்தால் வருகிறது என்பதுதான். கப்பலின் உட்புறத்தைக் கூரையோடு, ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் அறைகளாகக் கட்டினார்கள். முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று கதவுக்குள் கதவாகப் போகும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசிக் கதவு திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்காட்டுக்கு அது இரண்டாவது படம். காட்சிகளைத் தானே வரைந்து காட்டியதும் ஸ்டுடியோ பட்ஜெட்டை இரட்டிப்பாக்கியது. பாறைக்கோளில் கிடக்கும் கலத்தைப் பிரம்மாண்டமாகக் காட்டச் சிறிய விண்வெளி உடை தைத்துத் தன் பிள்ளைகளுக்கே மாட்டி நடக்கவிட்டார். முட்டைக்குள் அசைவது ரப்பர் கையுறை போட்ட அவருடைய கைகள். ஓவியர் கிகர் வடிவமைத்த ஜந்துவின் உடைக்குள் இருந்தவர் பொலாஜி படேஜோ என்ற மிக உயரமான நைஜீரிய இளைஞர். அந்த உடையை வெளிச்சத்தில் நிறுத்தி முழுசாகக் காட்டியிருந்தால் ரப்பர் என்று தெரிந்திருக்கும். படத்தில் அது தலைகாட்டுவதே சில நிமிடங்கள்தான்.

ஜேம்ஸ் கேமரூன் இரண்டாம் பாகத்தில் அதையே திரும்பச் செய்யவில்லை, போர்ப்படமாக மாற்றினார். கூட்டம் கூட்டமாக வருவதாகத் தோன்றினாலும் கையில் இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய உடைகளே. வேகமான வெட்டு, விட்டு விட்டு எரியும் விளக்கு, அசைவைக் காட்டும் கருவியில் நெருங்கி வரும் புள்ளிகள், இவ்வளவுதான் வித்தை. பதினான்கு அடி ராணியை உள்ளே இரண்டு பேரும் வெளியே கிரேனும் ஹைட்ராலிக்கும் இயக்கின.

மூன்றாம் பாகத்தில்தான் சண்டை மூண்டது. டேவிட் ஃபிஞ்சரின் முதல் படம் அது. அவர் கெடுத்தார் என்று ஒரு கட்சி. நடந்தது வேறு. அவருக்கு முன் இயக்க இருந்த வின்சென்ட் வார்டு மரத்தாலான ஒரு கோள், அதில் துறவிகள் என்று ஒரு கதை வைத்திருந்தார். அது கைவிடப்பட்டது. அதற்குள் வெளியீட்டுத் தேதி குறித்தாகிவிட்டது, செட் எழும்பிவிட்டது, பணமும் கரைந்துவிட்டது. முடியாத திரைக்கதையோடு படப்பிடிப்புக்குப் போனார் ஃபிஞ்சர். கதை நாளுக்கு நாள் மாறினால் கட்டிய செட் கதைக்குப் பொருந்தாது, பொம்மை செய்பவர்களுக்கு எந்தக் காட்சிக்குச் செய்கிறோம் என்றே தெரியாது. 2003-இல் வந்த நீளமான தொகுப்பில் அவர் பங்கேற்கவே இல்லை. முகூர்த்தத்தைக் குறித்துவிட்டுப் பெண் தேடிய கதை இது. மாப்பிள்ளையைத் திட்டி என்ன பயன்? இந்த வரிசையின் பெரிய சறுக்கலுக்கு இயக்குநர் காரணமில்லை, அட்டவணைதான் காரணம் என்பது என் கருத்து. குறிப்பேட்டில் அப்படியே பதிந்துள்ளேன்.

நான்காவது படத்தில் தண்ணீருக்கடியில் நடக்கும் துரத்தலைத் தவிர பேச அதிகம் இல்லை.

'ரோமுலஸ்' கைவேலைக்குத் திரும்பியது. 1986 படத்தில் வேலை பார்த்தவர்களையே ஆல்வரஸ் தேடி அழைத்து வந்தார். ஈர்ப்பு விசை இல்லாத நடைவழியில் அமில ரத்தம் உருண்டைகளாக மிதக்கும் காட்சி ஜந்துவின் ரத்தம் அமிலம் என்ற பழைய விதியிலிருந்தே புதிய ஆபத்தைப் பிடித்தது. அடுத்த இயக்குநர் இதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். குறை, முதல் படத்தில் நடித்து, பின்னர் மறைந்த இயன் ஹோமின் முகத்தைப் பொம்மையும் கணினியும் சேர்த்து உருவாக்கியது. வட்டு வெளியீட்டுக்குத் திருத்தியும் உறுத்தல் போகவில்லை. கணினியே கூடாதா என்று கேட்டவர்களுக்கு 2011-இன் 'தி திங்' முன்கதைப் படத்தைச் சொன்னோம். பொம்மைகளைச் செய்து படமும் பிடித்துவிட்டுப் பெரும்பாலானவற்றின் மேல் கணினிப் படத்தைப் போர்த்தினார்கள். பொம்மைக்கென்று அமைத்த வெளிச்சமும் மேலே வந்த உருவமும் ஒட்டவே இல்லை. கணினியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. எதில் செய்யப்போகிறோம் என்பதை விளக்கு வைப்பதற்கு முன் முடிவு செய்யாததுதான் தவறு.

பெயர்களுக்கு வருகிறேன். 'டூன்' எடுத்த டெனி வில்னவ் என்று அதிகம் பேர் சொன்னார்கள். அவர் ஜேம்ஸ் பாண்டுக்கு ஒப்பந்தமானவர், பேச்சு அங்கேயே நின்றது. நீல் ப்ளோம்காம்ப் என்ற இயக்குநர் 2015-இல் போட்ட 'ஏலியன்' படத் திட்டம் கிடப்பில் போனதை இன்னும் மறக்காதவர்கள் நம்மிடமும் உண்டு. டான் ட்ராக்டன்பர்க் 'ப்ரே' எடுத்து ப்ரெடேட்டர் வரிசைக்கு உயிர் கொடுத்தவர்தான், ஆனால் அவர் பலம் வேட்டை. இங்கே வேண்டியது ஒளிந்திருத்தல். 'பாபடூக்' எடுத்த ஜெனிஃபர் கென்ட்டுக்குப் பெண் உறுப்பினர்கள் ஒரே குரலாக ஆதரவு. தாய்மைதானே இந்த வரிசையின் அடிநாதம் என்று அவர்கள் கேட்டதற்குச் சரியான மறுப்பு வரவில்லை. நம்மவர்கள் கூடாதா என்ற கேள்விக்கு அஸ்வின் சரவணன் பெயர் வந்தது. 'கேம் ஓவர்' (2019) படத்தில் ஒரு வீடு, ஒரு சக்கர நாற்காலி, இவற்றை வைத்தே மூச்சு முட்ட வைத்தவர். சிரித்தவர்களுக்கு ஒரு மூத்த உறுப்பினர், 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தை ஏ.வி.எம். எடுத்தது இதே காரைக்குடியில்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

என் பரிந்துரை லீ வானல். 'தி இன்விசிபிள் மேன்' (2020) படத்தில் கேமரா ஆளில்லாத மூலைக்குத் திரும்பிச் சும்மா நிற்கும். ஒன்றும் நடக்காது, ஆனால் நாம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருப்போம். 1979-இன் வித்தைக்கு இதைவிட நெருக்கமாக யாரும் போகவில்லை. 2025-இன் 'வுல்ஃப் மேன்' எடுபடவில்லை என்று உடனே எதிர்ப்பு வந்தது, அது நியாயம்தான். கென்ட்டா வானலா என்பது தீராமல் கூட்டம் கலைந்தது. ஒரு தீர்மானம் மட்டும் கைதட்டலோடு நிறைவேறியது: இயக்குநர் யாராயினும் திரைக்கதை முடிந்த பிறகே வெளியீட்டுத் தேதி குறிக்கப்பட வேண்டும். இதை யாருக்கு அனுப்புவது என்பது தெரியாததால் கோப்பில் உள்ளது.

விடுபட்ட இரண்டு படங்களும் தை மாதத்துக்குப் பிறகு. இரவல் வாங்கிய மெத்தைகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஜமக்காளம் ஒன்றில் பணியாரத்துக்கு வைத்த காரச் சட்னி கொட்டிக் கறை போகவில்லை, அதன் விலை பொருளாளர் கணக்கில் 'இதர' என்ற தலைப்பில் வரும்.

இப்படிக்கு,
செயலாளர்