இரட்டைக் குழல் ஏன் வேண்டாம், அப்பா

பியர்லேண்ட், டெக்சஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வாங்கும் எண்ணம் இருக்கிறது என்று நான் சொன்னவுடன், "வாங்குவதானால் பன்னிரண்டு போர் (12 bore) இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கு, மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான்" என்றீர்கள். அம்மா பக்கத்திலேயே இருந்ததால் தொலைபேசியில் மேற்கொண்டு பேச முடியவில்லை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பாரிமுனையில் வங்கி வாசலில் அதே துப்பாக்கியோடு பல வருடங்கள் நின்றவர் நீங்கள். உங்கள் சொல்லைத் தட்டுவதானால் காரணத்தை எழுத்திலாவது சொல்ல வேண்டும். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் நகைதான். இந்தியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது இங்குள்ள திருடர்களுக்கும் தெரிந்துவிட்டது. நவராத்திரி சமயத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மீனாட்சி கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் பின்கதவை உடைத்து எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். ஆளில்லாத வீட்டில் துப்பாக்கி இருந்து என்ன பயன் என்று நீங்கள் கேட்பீர்கள். பயனில்லை என்பது மட்டுமல்ல, அதுவும் திருட்டுப் போகும். ஆகவே முதலில் நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டோம். வாசல் கதவின் தாழ்ப்பாள் தகட்டிலிருந்த சின்னத் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, நிலைக்குப் பின்னால் இருக்கும் மரத்தூண் வரை இறங்கும் மூன்று அங்குலத் திருகாணிகளைப் போட்டேன். கொல்லைப்புறத்தில் ஆள் நடமாடினால் தானே எரியும் விளக்கும் மாட்டியாயிற்று. இனி மிஞ்சியிருப்பது, நாங்கள் உள்ளே தூங்கும்போது ஒருவன் நுழைந்தால் என்ன செய்வது என்ற கேள்விதான்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேலை விசாவில் இருந்தவரை, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே எங்களுக்கு மத்திய அரசின் சட்டப்படி குற்றம். நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு வந்தபின் அந்தத் தடை போய்விட்டது. இப்போது கடைக்குப் போய் 4473 என்ற படிவத்தை நிரப்பினால், எஃப்.பி.ஐ. நடத்தும் கணினிச் சோதனையில் என் பெயரைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடுமாம். சென்னையில் காவல் ஆணையருக்கு விண்ணப்பித்து, உயிருக்கு என்ன ஆபத்து என்பதை விளக்கி, விசாரணை முடிந்து உரிமம் பெறுவதையும், தேர்தல் அறிவித்தவுடன் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதையும் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த எளிமை சற்று அச்சமாகவே இருக்கிறது. டெக்சஸில் வாங்குவதற்கு முன் பயிற்சி பெற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதை நாமாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் இரட்டைக் குழலுக்கு வருகிறேன். அயனாவரத்தில் நம் வீட்டுச் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். இங்கே அறைகளுக்கு இடையே இருப்பது மரச்சட்டத்தின் இரு பக்கமும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் வெறும் காற்று. நீங்கள் எஸ்.ஜி. என்று சொல்லும் தோட்டாவை இங்கே டபுள்-ஓ பக்‌ஷாட் என்கிறார்கள். ஏறக்குறைய அதே அளவுள்ள எட்டோ ஒன்பதோ ஈய ரவைகள் ஒவ்வொன்றும் இப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். எங்கள் அறைக்கும் சின்னவள் தூங்கும் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். குறி பார்க்காமலே படும் என்று ஷாட்கன்னை, அதாவது உங்கள் இரட்டைக் குழலைப் போல ரவைகளைச் சுடும் துப்பாக்கியைப் பற்றிச் சொல்வதும், அறைக்குள் நடக்கிற காரியத்துக்குப் பொருந்தாது. ஐந்து கெஜ தூரத்தில் அந்த ரவைகள் ஒரு கையகலம்தான் விரியும். கைத்துப்பாக்கிக் குண்டும் இந்தச் சுவரைத் துளைக்கும் என்பது உண்மைதான். அதனால் எதை வாங்கினாலும், குறி தவறினால் குண்டு எங்கே போகும் என்பதை வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் நின்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஷாட்கன்னை விலக்கியதற்குச் சுவர் காரணமல்ல, நீளம்தான் காரணம். சட்டப்படி அதன் குழல் பதினெட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இங்கே எல்லோரும் சொல்லும் ரெமிங்டன் 870 போன்ற, குழலின் கீழுள்ள பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் வகைக்கு இரண்டு கைகளும் முழுதாக வேண்டும். எனக்கோ ஒரு கை சின்னவளைப் பிடிக்கவும், தொலைபேசியை எடுக்கவும், கதவைத் திறக்கவும் வேண்டியிருக்கும். உங்கள் மருமகளுக்குத் தோள் வலி வேறு. ஏ.ஆர்-15 என்ற ரைஃபிளைச் சிபாரிசு செய்தவர்களும் உண்டு. சுடும்போது தோளில் உதை குறைவு, குறி பார்ப்பது எளிது, அதன் இலேசான வேகக் குண்டு பலகையில் பட்டுத் தடுமாறி உடையக்கூடும் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் படுக்கையறையில் அதை நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை.

கைத்துப்பாக்கியில் ரிவால்வரா, பிஸ்டலா என்பதில்தான் வெகுநாள் யோசித்தேன். ரிவால்வரில் கோளாறு குறைவு, விசையை அழுத்தினால் போதும். ஆனால் அந்த விசையை அழுத்தக் கிட்டத்தட்ட ஐந்து கிலோ பலம் வேண்டும், பயிற்சி இல்லாதவர் அழுத்தினால் குழல் ஆடிக் குறி விலகும். கொள்ளளவும் ஐந்தோ ஆறோ தோட்டாக்கள்தான். கடைசியில் 9 மி.மீ. பிஸ்டல், அதிலும் கிளாக் 19 என்று முடிவு செய்தேன். கைப்பைக்குள் அடங்கும் குட்டி வகைகளைப் பெண்களுக்கென்று கடைக்காரர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். எடை குறைந்தால் உதை கூடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் வைப்பதற்கு நடுத்தர அளவே நல்லது. பழகுவதற்குச் சாதாரணத் தோட்டா, வீட்டில் வைக்க முனையில் குழியுள்ள தோட்டா. பின்னது உடலில் பட்டவுடன் விரிந்துவிடுவதால், மறுபுறம் வெளியேறி இன்னொருவரைத் தாக்கும் வாய்ப்பு குறைகிறது.

இதுவரை எழுதியதெல்லாம் சுலபமான பகுதி. உங்கள் மருமகள் கேட்ட கேள்வி வேறு: "திருடன் வருவானோ வரமாட்டானோ, பெரியவன் தினமும் இந்த வீட்டில்தானே இருக்கிறான்?" அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொள்பவர்கள். மருத்துவமனையில் வேலை செய்யும் அவளுக்கு அது வெறும் எண்ணிக்கை அல்ல. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அங்கே கொலை நடக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு என்று 1993-இல் வெளியான ஓர் ஆய்வையும் எடுத்துக் காட்டினாள். ஏற்கெனவே ஆபத்தில் இருந்தவர்களே துப்பாக்கி வாங்கியிருக்கலாம் அல்லவா என்று நான் வாதாடினேன். "அப்படியே இருக்கட்டும், நம் வீட்டில் பதினைந்து வயதுப் பையன் இருப்பதை அது மாற்றுமா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பரீட்சை மதிப்பெண் குறைந்தால் இரண்டு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளை அவன்.

ஆகவே அவள் விதித்த நிபந்தனைகளின்படியே எல்லாம் நடக்கும். எங்கள் அலமாரிக்குள் சுவரின் மரத்தூணோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி. எண் பொத்தான்களை அழுத்தித் திறப்பது, எண் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். கைரேகையில் திறக்கும் பெட்டியை நான் விரும்பினேன், வியர்த்த கைக்கு அது சில வேளை திறப்பதில்லை என்று பயிற்சியாளர் சொன்னதால் விட்டுவிட்டேன். பெட்டிக்கு வெளியே துப்பாக்கி ஓர் இரவுகூட இருக்காது. தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி அலட்சியமாக விட்டுவைத்து, அது பிள்ளையின் கைக்குப் போனால் இந்த மாநிலத்தில் அதுவே குற்றம். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லை என்று அவளுக்குத் தோன்றினால், அன்றே அது வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். அதில் நான் எதிர்வாதம் செய்யக் கூடாது.

சத்தம் கேட்டால் நான் வீடு முழுவதும் தேடிக்கொண்டு அலையப் போவதில்லை, பயப்பட வேண்டாம். பிள்ளைகளை எங்கள் அறைக்குள் இழுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, 911 என்ற அவசர உதவி எண்ணுக்குச் சொல்லிவிட்டு, கட்டிலுக்குப் பின்னால் இருந்தபடி காத்திருப்பதுதான் திட்டம். தொலைக்காட்சியோ காரோ போனால் போகட்டும். இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்த பெரியவனாகவும் அது இருக்கலாம் என்பதால், கைவிளக்கு ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

ஒன்றில் மட்டும் நானும் அவளும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடான மேகசினில் தோட்டா நிரப்பி வைக்க இருவரும் சம்மதம். சுடத் தயாராகக் குழலின் பின்முனையிலுள்ள சேம்பருக்குள் ஒன்று ஏற்றி வைப்பதா, காலியாக விடுவதா என்பதுதான் தகராறு. காலியாக இருந்தால், தோட்டா ஏற்ற மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்க இரண்டாவது கை வேண்டும், ஒரு கை போதும் என்ற என் காரணம் அடிபட்டுப் போகிறது. ஏற்றி வைத்தால், தவறுதலாகச் சுடுவதைத் தடுக்கத் தனியாகச் சேஃப்டி பொத்தான் இல்லாத துப்பாக்கி அது. வங்கியில் நீங்கள் பணி தொடங்கும்போதும் முடிக்கும்போதும் குழலை மடக்கித் திறந்து பார்த்து, தோட்டாக்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதியது நினைவிருக்கிறது. பகல் முழுக்கக் குழலில் தோட்டா இருந்ததா, பையில்தான் இருந்ததா? எது சரியென்று பட்டது, ஏன் என்பதை விவரமாக எழுதுங்கள். உங்கள் பதில் வந்த பிறகே கடைக்குப் போவேன்.

அன்பு மகன்,
செந்தில்