சட்டையைத் தூக்கிப் பார்

மண்டபம்

அன்பு மகளுக்கு,

பேரனுக்குச் சளி குறைந்து, பழையபடி பால் குடிக்கிறான் என்று நீ சொன்ன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முந்தாநாள் இரவு தோஹாவிலிருந்து நீ போனை அவன் நெஞ்சருகே பிடித்து, "கர்கர் என்கிறதே, கேட்கிறதாப்பா?" என்றபோது எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. பதற்றத்தில் பாதிதான் சொன்னேன், மீதி இது.

கைக்குழந்தையின் மூக்கு மிகக் குறுகலானது என்பதால் சிறிது சளிக்கே ஓசை பெரிதாக வரும். எனவே ஓசையை விடு. அவன் அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணு. குழந்தைகளின் மூச்சு சீராக இராது, ஆகவே கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது உதவாது. எட்டு மாதக் குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுவரை அந்த அளவு 40. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவின் கீழே குழி விழுந்தாலோ, மூக்கு விடைத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மாட்டாமல் போனாலோ எண்ணிக்கொண்டிராதே, உடனே மருத்துவமனைக்குக் கிளம்பு.

கால்நடை ஆய்வாளராக இந்தக் கடற்கரை ஊர்களில் அலைந்த காலத்தில் ஆடுகளிடம்தான் இதைக் கற்றேன். பங்குனி வெயிலில் நின்ற செம்மறி நிமிடத்துக்கு 100 முறைக்கு மேல் இரைத்தாலும் அது நோயன்று, உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி. நிழலில் கட்டி ஆறவிட்ட பிறகும் கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி, வாயைத் திறந்தபடி நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் இடப்பக்க வயிற்றைத் தட்டிப் பார்ப்பேன். உப்பி, மேளம்போல் ஒலித்தால் குற்றம் நுரையீரலில் இல்லை. வயிற்றில் அடைபட்ட வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை முன்னே நெஞ்சுப் பக்கம் தள்ளி, நுரையீரல் விரிய இடமில்லாமல் செய்கிறது. நாயும் வெயிலில் இரைக்கும். பூனை அப்படி வாய் திறந்து மூச்சுவிட்டால் பெரும்பாலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவு தெரிந்த நான் உன் அப்பத்தா விஷயத்தில் ஏமாந்தேன். நீ அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். சீமைக்கருவேலக் கரிமூட்டத்தின் புகைதான் இளைப்புக்குக் காரணம் என்று அவர் சொன்னார். மூட்டம் நம் கொல்லைக்குப் பின்னாலேயே புகைந்துகொண்டிருந்ததால் நானும் நம்பினேன். ஒரு தலையணை இரண்டாயிற்று, பிறகு மூன்றாயிற்று. கடைசியில் நடுநிசியில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்தபடியே விடியவிட்டார். கேட்டால், "ஒண்ணுமில்லையப்பா, உள்ளே புழுக்கமா இருக்கு" என்பார். மருத்துவர் அவர் நெஞ்சில் குழல் வைக்கும் முன்பே கணுக்காலை விரலால் அழுத்தினார். விழுந்த குழி வெகுநேரம் எழவில்லை. இதயம் தளர்ந்திருந்தது, படுத்தால் காலில் தங்கியிருந்த நீர் இரத்தத்தோடு நெஞ்சுக்குத் திரும்ப, அதை இறைக்க மாட்டாமல் நுரையீரலில் நீர் கசிந்திருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் சுமை குறையும், ஆகவே உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்கு வாயில்லை என்பதால் அதன் உடம்பைத் தொட்டுப் பார்த்த நான், அம்மாவுக்கு வாய் இருந்ததால் அவர் சொன்னதோடு நின்றுவிட்டேன். வீங்கிய அந்தக் காலை நானாக ஒருநாளும் தொட்டுப் பார்க்கவில்லை.

பேரன் நலமாக இருக்கும் இந்த நாட்களிலேயே, தூங்கும்போது இரண்டு மூன்று முறை எண்ணி நாட்காட்டியில் குறித்து வை. அவனுடைய வழக்கமான எண்ணிக்கை தெரிந்தால்தான் கூடியது தெரியும். இனி ஒருமுறை சளி பிடித்தால் போனை அவன் நெஞ்சில் வைக்காதே. விளக்கைப் போட்டு, சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்பு. நான் பார்க்கிறேன், ஆனால் நான் பதில் சொல்லும்வரை காத்திராதே.

அன்புடன்,
அப்பா