சாம்பர் ஏரி மண்ணில் யார் இருக்கிறார்கள்

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் ரொம்ப சந்தோஷம், கண்டிப்பாக வருகிறேன். புல்கூட முளைக்காத உப்பு மண்ணில் அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

ராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரி கோடையில் வற்றிப்போய் வெள்ளைப் பொருக்காகக் கிடக்கும், அங்கங்கே அதில் இளஞ்சிவப்பு தெரியும். அந்த நிறமே உயிர்தான். உப்பை விரும்பும் ஆர்க்கியா என்ற, பாக்டீரியா அல்லாத தனி வகை நுண்ணுயிர்களின் நிறமி அது. சுற்றியுள்ள உப்பு செல்லிலிருந்து நீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, இவை உள்ளுக்குள் பொட்டாசியத்தை நிரப்பி வைத்துக்கொள்கின்றன. நல்ல தண்ணீரில் போட்டால் பெரும்பாலானவை வெடித்துச் செத்துவிடும். பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு வேறு வழி, செல்லில் நீரைத் தக்கவைக்கும் எக்டோயின் போன்ற பொருள்களைத் தாமே தயாரித்துச் சமாளிக்கின்றன. முகத்துக்குப் பூசும் கிரீம்களில்கூட இப்போது அந்த எக்டோயின் வருகிறது!

பொருக்கை விட்டுக் கரைப்பக்கம் நகர்ந்து உப்பு மண்ணில் வளரும் உமரி வகைச் செடிகளின் வேரடி மண்ணுக்கு வந்தால் கூட்டமே வேறு, பாக்டீரியா வகைகள் கூடிவிடும். உலகெங்கும் எடுத்த மாதிரிகளை லோசுபோன், நைட் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் ஒப்பிட்டபோது, எந்த இடத்தில் எந்த பாக்டீரியா வாழும் என்பதை வெப்பத்தையும் கார அமிலத் தன்மையையும் விட உப்புதான் அதிகம் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது.

இதெல்லாம் வெறும் ஆய்வகச் சமாச்சாரம் இல்லை. 2019 நவம்பரில் இதே ஏரியில் ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள் செத்து விழுந்தன. காரணம் பாட்டுலிசம், சேற்றில் வித்தாகப் பல காலம் உறங்கிக் கிடக்கும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு. செத்த பறவையில் புழு வைக்கும், அந்தப் புழுவைத் தின்ற பறவையும் சாகும், அப்படியே பரவிக்கொண்டு போகும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 1990லேயே சேர்த்த ஏரி இது. ஆனாலும் திருட்டு ஆழ்துளைக் கிணறு போட்டு உப்புநீரை உறிஞ்சுவது நிற்கவில்லை, எனக்கு அதில்தான் கோபம். நீர் குறைந்து உப்பின் அளவு மாறினால் மண்ணுக்குள் யார் பெருகுவார்கள், யார் அழிவார்கள் என்பதும் மாறும், அதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

அப்புறம் ஓர் உதவி. வேதாரண்யத்தில் உங்கள் உப்பளத்து ஓரம் உமரி இருக்குமே, அதன் வேரை ஒட்டிய மண் கொஞ்சம், பக்கத்துப் பொட்டல் மண் கொஞ்சம், சுத்தமான தனித்தனிப் பைகளில் எடுத்து ஐஸ் பெட்டியில் வை. எங்கே எடுத்தாய் என்று பையின் மேலேயே எழுதிவிடு.

அன்புடன்,
செல்வம்