கவசம் எல்லாம் இரும்பு அல்ல

ஆசிரியருக்கு, வணக்கம்.

பழந்தமிழர் போர்க்கருவிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை கவசம், மெய்ம்மறை, மெய்ப்பை, சாலிகை நான்குக்கும் ‘இரும்புச் சட்டை’ என்றே பொருள் எழுதிவிட்டது. நான்கும் வேறு வேறு.

கவசம் வடசொல். உடம்பைக் காப்பது என்பதோடு சரி, எதனால் செய்தது என்பதை அந்தச் சொல் சொல்லாது. புறநானூறு 13ஆம் பாட்டில் ‘புலிநிறக் கவசம் பூம்பொறி சிதைய, எய்கணை கிழித்த’ மார்பைப் பாடுகிறார் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். பழைய உரைகாரர் இதைப் புலித்தோல் கவசம் என்றே கொள்கிறார். அம்பு கவசத்தைச் சிதைத்து மார்பு வரை போயிருக்கிறது. தோலின் குறையே அதுதான்: வாள்வீச்சை ஓரளவு தாங்கும், கூரிய அம்பு நேராகத் தைத்தால் தாங்காது.

மெய்ம்மறை என்றால் மெய்யை மறைப்பது. உரைகளில் ‘மெய்புகு கருவி’ என்று வரும். உடம்பு உள்ளே புகும் கருவி, அழகான விளக்கம். ஆனால் பதிற்றுப்பத்தின் ‘சான்றோர் மெய்ம்மறை’ உருவகம். வீரர்களுக்குக் கவசம் போல முன்னே நிற்கும் சேர அரசனை அப்படி விளிக்கிறார் புலவர். அதை வைத்துச் சேரர் படைக்கு இரும்புக் கவசம் மாட்டிவிட முடியாது.

முல்லைப்பாட்டில் ‘மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து’ (மெய்ப்பை அணிந்த, அச்சம் தரும் தோற்றமுள்ள) யவனர் வருகிறார்கள். அந்த மெய்ப்பையையும் இரும்பு என்று சொல்லிவிட முடியாது. உரைகாரர் நச்சினார்க்கினியர் ‘சட்டை’ என்று மட்டும்தான் எழுதுகிறார். (மேலுடம்பு மூடாத ஊரில் சட்டையே வெருவரும் தோற்றம்தானே!)

மிச்சம் இருப்பது சாலிகை, அதாவது வளையங்களைக் கோத்துச் செய்த கவசம். ஜாலம், அதாவது வலை என்ற சொல்லின் வழி வந்தது. இதே கவசத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘மெயில்’ என்ற சொல் கூட வலைக்கண்ணைக் குறிக்கும் லத்தீன் ‘மாக்குலா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே. கட்டுரையாளர் எழுதிய ‘சங்கிலிக் கவசம்’ பொருந்தாது. சங்கிலியில் ஒரு வளையம் இரண்டோடு கோக்கும். வளையக் கவசத்தில் வழக்கமாக நான்கோடு கோக்கும். கம்பியைத் தடியில் சுருளாகச் சுற்றி, நீளவாக்கில் வெட்டி, வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தட்டையாக்கி, துளையிட்டு, சிறு ஆணி வைத்து அறைவார்கள். முழுச் சட்டைக்கு ஆயிரக்கணக்கான வளையங்கள், எடை 10 கிலோவுக்கு மேல். பாரம் முழுதும் தோளில் தொங்கும் என்பதால் இடுப்பில் வார் கட்டி ஒரு பகுதியை அங்கே இறக்குவார்கள். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த அங்கி கட்டாயம். அது இல்லாவிட்டால், வெட்டு விழாமலே எலும்பு முறியும்.

கட்டுரையோடு வந்த படத்தில் வளையங்களுக்கு ஆணியே இல்லை, வாயை மட்டும் சேர்த்து மடக்கியிருக்கிறது. ஈட்டி முனை அழுத்தினால் அந்த வாய் திறந்துகொள்ளும். படத்தின் கீழே ‘போர்க்களக் கவசம்’ என்று போட்டிருப்பதையாவது திருத்த வேண்டும்.