கண் சொல்வதைக் கேட்காதே

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். இனிப் பட்டறைக்கு நேரம் கிடைக்கும், ஸ்டெயின்லெஸ்ஸில் கத்தி செய்ய இறங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷமாகக் கார்பன் எஃகை நிறம் பார்த்தே பதம் போட்டவன் நீ. அந்தப் பழகிய கண்தான் இங்கே உன்னை ஏமாற்றும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கையில் இருக்கும் தகட்டில் காந்தம் ஒட்டுகிறது, போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. ஸ்டெயின்லெஸ்ஸில் 304 என்ற ரகத் தகட்டில் காந்தம் ஒட்டாது, அது கத்திக்கு ஆகாது என்பது சரி. ஆனால் 430 ரகத் தகட்டிலும் காந்தம் ஒட்டும். அதில் கார்பன் 0.12 சதவீதத்தைத் தாண்டாது; எப்படிச் சுட்டாலும் வாயில், அதாவது வெட்டும் ஓரத்தில், கூர் நிற்காது. தரம் தெரியாத துண்டில் உழைப்பைக் கொட்டாதே, பேர் தெரிந்த தகடாக வாங்கு. சமையல் கத்திக்கு நான் சொல்வது ஏஇபி-எல் என்ற ஸ்டெயின்லெஸ் ரகம், 2 முதல் 2.5 மில்லிமீட்டர் கனம். கார்பன் சுமார் 0.67, குரோமியம் சுமார் 13 சதவீதம். 440சி ரகத்தில் இரண்டும் அதிகம்தான், ஆனால் உள்ளே இருக்கும் கார்பைடுகள், அதாவது குரோமியமும் கார்பனும் சேர்ந்த கெட்டித் துகள்கள், பெரியவை. வாயை மெல்லியதாக இறக்கினால் சில்லுச் சில்லாகப் பெயரும்.

வடிவம் வெட்டுவது, பிடிக்கான துளைகள் போடுவது எல்லாம் சூடேற்றுவதற்கு முன்பே முடித்துவிடு. பிறகு சாதாரண டிரில் பிட் வழுக்கும். வாயை மட்டும் தேய்த்து மெல்லியதாக இறக்காதே. கனமாகவே உலைக்குள் போகட்டும். மெல்லிய வாய் கோணிக்கொண்டு வெளியே வரும்.

இனி சூடு. கார்பன் எஃகில் காந்தம் விடும் நிலையைக் கொஞ்சம் தாண்டியதும் எண்ணெயில் இறக்குவாய். இங்கே குரோமியம் கார்பனைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கரைந்து எஃகுக்குள் கலக்க 1040 முதல் 1080 டிகிரி செல்சியஸ் சூடும், அந்தச் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிஷமும் வேண்டும். அதற்குக் கரி உலை உதவாது, கட்டுப்பாட்டுக் கருவி உள்ள மின் உலைதான். "இன்னும் கொஞ்சம் சூடு வைத்தால் இன்னும் கெட்டியாகும்" என்று கைக்குத் தோன்றும். நேர்மாறாக நடக்கும். 1100-ஐத் தாண்டினால் கார்பன் அளவுக்கு மேல் கரைந்து, குளிர்ந்த பிறகும் ஒரு பகுதி ஆஸ்டெனைட்டாகவே, அதாவது சூட்டில் இருந்த மெத்தென்ற நிலையிலேயே, மாறாமல் நின்றுவிடும். கத்தியின் அலகு மெத்தென்று ஆகும்.

அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் மேல்தோல் கார்பனை இழக்கும். அதனால் அலகை ஸ்டெயின்லெஸ் ஃபாயிலில் சுற்றி, ஓரங்களை இரண்டு மடிப்பாக மடித்து அழுத்து. உள்ளே சின்னக் காகிதத் துண்டு ஒன்று போட்டால், அது எரிந்து மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். ஃபாயில் ஓரம் பிளேடு மாதிரி, கையுறை இல்லாமல் தொடாதே.

எண்ணெய்த் தோய்ச்சல் வேண்டாம். ஒரு அங்குல கனமுள்ள அலுமினியத் தகடு இரண்டுக்கு நடுவே, ஃபாயிலோடு சேர்த்து வைத்து இறுக்கு. ஒரே நேரத்தில் குளிரவும் செய்யும், நிமிரவும் செய்யும். கை பொறுக்கிற அளவுக்கு ஆறியதும் எடுத்து முதுகை ஒரு கண் பார்த்துவிடு. லேசாகக் கோணியிருந்தால் அந்த ஒரு நிமிஷத்தில் கையாலேயே நிமிர்த்தலாம். முழுக்க ஆறிய பிறகு வளைத்தால் ஒடியும். உலர்பனிக்கட்டி கிடைத்தால் ஆல்கஹாலில் போட்டு, அதில் அலகை ஒரு மணி நேரம் வை. மாறாமல் நின்ற ஆஸ்டெனைட்டில் பெரும்பகுதி மாறிவிடும். தாமதிக்காமல் அன்றைக்கே செய்ய வேண்டும். அடுத்து 175 முதல் 200 டிகிரியில் இரண்டு மணி நேரமாக இரண்டு தடவை டெம்பரிங், அதாவது ஒடியாமல் இருக்க மிதமாகச் சுடுவது. கெட்டித்தன்மை ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டி நிற்கும். 450, 500 டிகிரிக்கு ஏற்றச் சொல்பவர்கள் உண்டு, காதில் வாங்காதே. அந்தச் சூட்டில் குரோமியம் மறுபடி கார்பைடாகப் பிரிந்துபோகும், துருவை எதிர்க்கும் குணம் குறைந்துவிடும்.

சாணை பெல்ட்டில் வாயை இறக்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. கார்பன் எஃகு 200 டிகிரியைத் தாண்டியதும் வைக்கோல் நிறம் காட்டி எச்சரிக்கும். ஸ்டெயின்லெஸ் அந்த நிறத்தை 290-ஐ ஒட்டித்தான் காட்டும். நிறம் தெரியும்போது பதம் ஏற்கெனவே போயிருக்கும். வெறுங்கையால் பிடி, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கு, விரல் சுட்டால் நிறுத்து. புது செராமிக் பெல்ட்டாகப் போடு. மழுங்கின பெல்ட் அறுக்காது, சூடாக்கும். கூர் தீட்டுவதற்கு முன் வாயின் கனம் 0.25 மில்லிமீட்டருக்கு வரட்டும். பிறகு பக்கத்துக்கு 15 டிகிரி கோணத்தில், 1000 நம்பர் தீட்டுக்கல், அடுத்து 3000 நம்பர் கல், பிசிறு போகும்வரை. கார்பன் எஃகு தேய்த்த பெல்ட்டை இதற்குப் போடாதே. ஒட்டும் இரும்புத் தூள் துருவாகப் பூக்கும், பழி ஸ்டெயின்லெஸ் மேல் விழும். முகமூடி நல்லதாகப் போடு, உலோகத்துக்கும் மரத்துக்கும்.

மரத்தைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டியவன், இருந்தாலும் பிடிக்கு என்று வரும்போது சில விஷயம். காய்ந்த மாதிரி தெரிவதை நம்பாமல் எடைபோட்டுப் பார். எடை இறங்குவது நின்ற பிறகுதான் அறு. இல்லாவிட்டால் ஒட்டிய பிறகு சுருங்கி, எஃகின் ஓரம் கையில் உரசும். பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் கனம், ரேகை பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். ஈட்டி மரமானால் ஒட்டுகிற பக்கத்தை அசிட்டோனால் துடைத்து, காய்ந்ததும் உடனே பசை தடவு. நேரம் விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வரும். உலோகப் பக்கத்தை 60 நம்பர் எமரித் தாளால் சொரசொரப்பாக்கு. அலகை நோக்கியிருக்கும் மர முகப்பை ஒட்டுவதற்கு முன்பே மெருகேற்றிவிடு, பிறகு அலகைக் கீறாமல் அதைத் தொட முடியாது. கிளாம்ப்பை வெறிபிடித்த மாதிரி முறுக்காதே; எபாக்ஸிப் பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறினால் ஒட்ட எதுவும் இருக்காது. 24 மணி நேரம் விடு. பித்தளை ஆணிக்கு ஆணியைவிடப் பொடி பெரிய துளை, 0.1 மில்லிமீட்டர் போதும். ஆணித் தலையைப் பெல்ட்டில் சமன் செய்யும்போது அவசரப்பட்டால் பித்தளை சூடேறும். சுற்றிலும் மரம் வட்டமாகக் கருகும், உள்ளே எபாக்ஸியும் இளகும். முக்கால்வாசியை அரத்தால் தேய்த்துவிட்டுப் பெல்ட்டுக்குப் போ.

உன் உலையில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுது. கதவோரம் இருந்தால் அது காட்டும் எண்ணுக்கும் உள்ளே அலகு இருக்கும் இடத்துச் சூட்டுக்கும் வித்தியாசம் வரும். தனி மீட்டரால் அளந்து பார்க்காமல் முதல் அலகை உள்ளே வைக்காதே.

அன்புடன்,
ராஜு